பாயசம் குடித்த அன்றும் இட்லி சாப்பிட்ட அண்ணன்

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் சிநேகிதர்களுக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். படித்தது அஞ்சாவது வரைதான். ஆனாலும் அண்ணனால் கிடைத்த ஒரு சந்தோஷத்தை நான்தான் எழுதுவேன் என்று அவர் பிள்ளைகளிடம் சண்டை போட்டு இந்தப் பக்கத்தை வாங்கினேன்.

அண்ணன் பிறந்தது கங்கைகொண்ட சோழபுரம். நாங்கள் சிறுசுகளாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். பானையில் சோறு குறைந்தால், "எனக்குப் பசிக்கல" என்று சொல்லிவிட்டு அண்ணன் முந்திரிக்காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பிறகு அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, என்னையும் தம்பியையும் கரையேற்றினார்.

அப்படி வளர்ந்தவருக்குப் பட்டினி கிடந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. சர்க்கரை வியாதி வந்ததும் அதுவே வினையானது. ஒரு லட்டு தின்றுவிட்டால் மறுநாள் முழுக்கத் தனக்குத் தானே தண்டனை. வெறும் தண்ணீரும் மாத்திரையும்தான். அதற்கடுத்த நாள் பசி தாங்காமல் இரண்டு மடங்கு சாப்பிடுவார். மறுபடியும் பட்டினி. ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டார்: "ஐயா, இன்னிக்குப் பட்டினி கெடந்தா நேத்து தின்ன லட்டு வெளிய வந்துடுமா? அடுத்த வேளைய அளவா சாப்பிடுங்க. இன்னொரு தடவ இப்புடி விழுந்தா உசுருக்கே ஆபத்துங்க."

"தப்பு பண்ணா தண்டன வேணாமாம்மா?"

"இதோ நிக்கிற ஒங்க பேத்தி ஒரு லட்டு தின்னுச்சுன்னா நாள் பூரா சோறு போடாம வச்சிருப்பீங்களா?"

அண்ணன் அங்கேயே கஞ்சி வாங்கிக் குடித்தார். ஆனாலும் பழக்கம் சட்டென்று விட்டுவிடவில்லை. ஒரு வருடம் தவறுவதும் திருந்துவதுமாகத்தான் போனது.

அந்தப் பேத்தியின் கல்யாணம் ஜெயங்கொண்டத்தில் நடந்தது. பந்தியில் அண்ணன் பாயசம் கேட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியின் தம்பி சும்மா இருக்கவில்லை.

"ஏன் மாமா, இன்னிக்குப் பாயசம், நாளைக்குப் பட்டினி, நாளன்னிக்கு ஆஸ்பத்திரியா? வேன் சொல்லி வச்சிடவா?"

"போடா! மூணு ஜாங்கிரிய அப்பளத்துக்கு அடியில மறச்சு வச்சிருக்கவன் பேசுறான்."

அரைத் தம்ளர் பாயசத்தை ரசித்துக் குடித்துவிட்டு, இலையை மூடி எழுந்தார். எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கோ வேறு கவலை. பாயசம் பெரிதில்லை. சாயங்காலம் சாப்பிடுவாரா, பழையபடி பட்டினி கிடப்பாரா?

சாயங்காலம் இட்லிப் பந்தி போட்டார்கள். அண்ணி இரண்டு முறை கூப்பிட்டும் அண்ணனைக் காணோம். பந்தி முடியும் நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"ஏ பாப்பா, நடந்துட்டு வரதுக்குள்ள எல்லாத்தையும் தின்னுட்டீங்களா? மூணு இட்லி வை" என்றார் என்னிடம்.

"அண்ணன் சாப்புட வந்துட்டாரு!" என்று நான் கத்திய கத்தலில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். வெட்கத்தில் அண்ணி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"கத்துனது போதும், சட்னி எங்க?" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அண்ணன் மயங்கி விழவே இல்லை. போன மாதம் காய்ச்சலில் படுத்து, மூன்றாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார். உடன் நின்ற உறவுகளுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் கைகூப்புகிறேன். நர்சம்மா, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. அண்ணன் எங்களோடு உட்கார்ந்து மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்ட அந்த ஆறு வருடமும் நீங்கள் கொடுத்தது, தாயே.