கடத்துக்குள் போன பாட்டில்

வெயில் காலம் வந்துவிட்டால் மூலக்குளம் சாலையோரத்தில் பானைகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். போன வாரம் ஒன்று வாங்கலாமென்று வண்டியை நிறுத்தினேன். கடைக்காரம்மா ஒரு பானையைத் தூக்கிக் கையில் கொடுத்து, "தட்டிப் பாத்து எடு சார், அப்பறம் ஒழுவுதுன்னு வந்து நிக்கக் கூடாது" என்றார். தட்டிப் பார்க்காமல் யார் பானை வாங்குவார்கள்? விரலை மடக்கினேன். தட்ட மனம் வரவில்லை. "ரெண்டு நாள் கழிச்சி வரேம்மா" என்று திரும்பிவிட்டேன். அந்த அம்மா என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ. அதைவிடப் பெரிய கவலை எனக்கு இருக்கிறது.

மண்ணைத் தட்டும் ஓசை கேட்டாலே எனக்கு ஒரு கடம் வித்துவான் நினைவுக்கு வருவார். அப்போது நான் நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் சபா வேலை. சபா என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய நாலைந்து பெரியவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தை வாடகைக்கு எடுத்து மாதம் ஒரு கச்சேரி நடத்துவார்கள். வித்துவான்களைப் பஸ் ஸ்டாண்டில் வரவேற்பது, காபி வாங்கித் தருவது, திரும்ப ஏற்றிவிடுவது என் பொறுப்பு. எனக்குத் தாளம் வராது. முன்வரிசைக்காரர்களின் தொடையைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாக நானும் தட்டுவேன்.

கடம் வித்துவான் கடலூரிலிருந்து வருவார். கடத்தைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். பஸ்ஸில் மேலே வைக்கவே மாட்டார். ஒருமுறை கண்டக்டர், "கொழந்தைக்கு அரை டிக்கெட்டு எடுக்கணும் சாமி" என்றார். "எடுத்துட்டா போச்சி. தூங்குது, தட்டி எழுப்பிடாத" என்றார் இவர்.

கச்சேரி முடிந்த மறுநாள் ஒரு தடவை, கடை வேலையாக நானும் அவரோடு கடலூர் பஸ்ஸில் போனேன். எங்கள் ஊரில் பாட்டில் சரக்கு மலிவு. அதனால் எல்லையில் செக்போஸ்ட் போட்டு, வெளியே போகிற பஸ்களைச் சோதிப்பார்கள். ஒரு போலீஸ்காரர் ஏறினார்.

"பானைக்குள்ள இன்னா?"

"காத்துதாங்க."

"நக்கலா? எறங்கு."

இறங்கினார். நானும் இறங்கினேன். கடத்தைச் சுற்றியிருந்த வேட்டியை அவிழ்க்கச் சொன்னார் போலீஸ்காரர். முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பிறகு முகத்தைக் கடத்தின் வாயருகே வைத்து மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை. போகச் சொல்லிவிட்டார். நடந்தது இவ்வளவுதான்.

இதை நான் முதலில் கடையில் சொன்னேன். கொஞ்சம் சிரித்தார்கள். அடுத்த தடவை சொல்லும்போது கடத்திலிருந்து லேசாகப் பிராந்தி வாசனை வந்தது. பாரீஸிலிருந்து மச்சினன் குடும்பம் லீவில் வந்தபோது கடத்துக்குள் ஒரு குவார்ட்டர் பாட்டில் இருந்தது. பிறகு வந்த வருஷங்களில், வித்துவான் செக்போஸ்ட் படியில் உட்கார்ந்து, உள்ளே பாட்டில் குலுங்கக் குலுங்க வாசிக்க, போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாளம் போட்டார். "அந்தக் கடம் கதைய சொல்லுங்க மாமா" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். சாப்பாட்டுத் தட்டையே தட்டி வாசித்துக் காட்டுவேன். அதிகமாகச் சிரித்தவள் என் மகள் இந்து.

இந்து அனிமேஷன் படித்தாள். பொம்மை போட்டு எப்படிப் பிழைக்கும் இந்தப் பெண் என்று நான் தூங்காமல் கிடந்ததெல்லாம் தனிக்கதை. ஒரு வருஷமாக மாடியறையில் உட்கார்ந்து, காலமாகிவிட்ட அந்த வித்துவானின் வாழ்க்கையைச் சின்னப் படமாக வரைந்தாள். பழைய ஒலிநாடாக்களைத் தேடிப் பிடித்தாள். கடலூருக்குப் போய் அவர் மகளைப் பார்த்துப் பேசினாள். கண்ணெதிரே அவர் வயிற்றோடு கடத்தை அணைத்து உட்கார்வது போலவே வந்திருந்தது படம். செக்போஸ்ட் காட்சியைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பானேன்? அப்பா கூடவே இருந்தாரே!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய அரங்கில் திரையிட்டாள். செக்போஸ்ட் வந்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், சற்றுப் பெருமையாகவே. விளக்கு போட்டதும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். வித்துவானின் மகள், என் வயதுதான் இருக்கும்.

"நல்லா வரைஞ்சிருக்கம்மா" என்று இந்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா எங்கப்பா குடிக்க மாட்டாரும்மா. நெஞ்செரிச்சல்னு காப்பியக்கூட வுட்டவரு."

இந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ப்பா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சினிமான்னா கொஞ்சம் முன்ன பின்ன..." என்று இழுத்தேன்.

"சினிமா நான் எடுத்தது. கத நீ சொன்னது. பாட்டில் இருந்துச்சா, இல்லியா?"

"இல்லம்மா. கடத்த வேட்டியில சுத்தி முடிச்சு போட்டதே நான்தான். உள்ள ஒண்ணும் கெடையாது."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேராக மைக் முன்னால் போய், "செக்போஸ்ட் காட்சி தப்பு. அவர் குடிக்கிறவர் இல்ல. படத்துலேர்ந்து எடுத்துடறேன். மன்னிச்சிடுங்க" என்றாள். தப்பு யாருடையது என்று சொல்லவில்லை. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வித்துவானின் மகள் அதோடு போயிருக்கலாம். வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கோபமே இல்லை.

"போலீஸு எறக்கினது நெசமா சார்?"

"நெசம்தாம்மா."

"வூட்ல ஒரு நாளும் சொன்னதில்ல. எப்படி நின்னாரு? கோவப்பட்டாரா? அழுதாரா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணுக்குள் வந்தவர், கடத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, தொந்தி குலுங்கச் சிரிக்கிறவர். இந்து வரைந்தவர். அவருக்குப் பின்னால் நிஜமானவரைத் தேடினேன். யாரும் இல்லை.

"ஞாபகப்படுத்திச் சொல்றேம்மா" என்றேன்.

"சொல்லுங்க சார். பாத்தவரு நீங்க ஒருத்தருதான்" என்று தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்து பாட்டிலை நீக்கிவிட்டாள், வாசிப்பையும் நீக்கிவிட்டாள். நடந்ததை நடந்தபடி வரையப்போகிறாளாம். சாப்பிட்டதும் மாடியேறிப் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். போலீஸ்காரரின் கைக்கடிகாரம் வெயிலில் மின்னியதைச் சொன்னேன், வரைந்தாள். ஜன்னல்களில் எட்டிப் பார்த்த தலைகளைச் சொன்னேன், வரைந்தாள். தார் ரோட்டில் விரிந்து கிடந்த வேட்டியின் பச்சைக் கரையைக்கூடச் சொல்ல முடிந்தது. வேட்டிக்கு இந்தப் பக்கம், அவர் நிற்க வேண்டிய இடம், திரையில் வெள்ளையாகவே இருக்கிறது.

"அவசரமில்லப்பா. ஆனா தெரிஞ்சத மட்டும் சொல்லு" என்கிறாள்.

அவர் முகம் வாடியதா, திரும்பிக்கொண்டதா, என்னைப் பார்த்ததா? எனக்குத் தெரியவில்லை. நேற்றும் எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.