கேட்காமல் அழித்த குரல்

வசந்தாக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தங்கை மகள் போனில் அழுதபடியே சொன்னாள். காலையில் காபி குடித்துவிட்டுச் சற்றுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லையாம். எனக்கு உடனே அழுகை வரவில்லை. நாகல் நகரில் கணினி பழுது பார்க்கும் அந்த மனிதர் இனி நிம்மதியாக மூச்சு விடுவாரே என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. ஒரு சாவுச் செய்திக்கு இது முறையல்ல என்று தெரியும். ஆனால் வசந்தாக்காவை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

நீதிமன்றத்தில் அவரும் நானும் ஒரே அறையில் பல ஆண்டுகள் தட்டச்சு செய்தோம். சாட்சி சொல்வதை வார்த்தை பிசகாமல் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை ஒரு வழக்கறிஞர், சாட்சி சொன்ன ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் மாற்றி அடிக்கும்படி அவரிடம் நயமாகக் கேட்டார். வசந்தாக்கா தலையைத் தூக்காமலே, "சொன்னவன் வாயில இருந்து வந்ததத்தான் அடிப்பேன் சார். உங்க வாயில இருந்து வரணும்னா நீங்க கூண்டுல ஏறுங்க" என்றார். அந்த வழக்கறிஞர் அதன் பிறகு எங்கள் அறைப் பக்கம் வரவில்லை.

அவருடைய கணவர் தர்மராஜ் அண்ணன் ரயிலில் கார்டாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு தொண்டையில் புற்று வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தால் உயிர் பிழைக்கலாம், குரல் இருக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மதுரைக்குப் புறப்படுவதற்கு முன் வசந்தாக்கா அவரை வீட்டுக் கணினி முன்னால் உட்கார வைத்து, எதையாவது பேசுங்க என்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்திருக்கிறார். அந்த மனிதருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாயா, குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது, கொடைரோட்டில் வண்டி நின்றபோது ஒரு கிழவி கொய்யாப்பழம் கொடுத்தாள் என்று மனம்போன போக்கில் பேசியிருக்கிறார். நடுவில் ஒருமுறை, "போதும் வசந்தா, வெக்கமா இருக்கு" என்கிறார். அதன் பிறகு அவர் இரண்டு ஆண்டுகள் இருந்தார். சைகையில்தான் பேசினார். அவர் போன பிறகு வசந்தாக்கா தினமும் சமைத்து முடித்ததும் கணினியைப் போட்டு அந்தக் குரலைக் கேட்பார். நானும் இரண்டொரு முறை கேட்டிருக்கிறேன்.

அந்தக் கணினிக்குத்தான் ஒருநாள் புதிய அப்டேட் வந்தது. அதுவாக இறங்கி, அதுவாக அணைந்து, மறுபடி எழுந்தபோது ஆமையாகிவிட்டது. ஒன்றைத் தொட்டால் அது திறப்பதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். வசந்தாக்கா பயந்துபோய் ஆட்டோவில் வைத்து அந்தக் கடைக்குக் கொண்டுபோனார். மறுநாள் வாங்கிவந்து போட்டபோது வேகமாகத்தான் இருந்தது. உள்ளேதான் எதுவும் இல்லை. முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். கடைக்காரரிடம் ஓடினோம். "ஸ்லோவா இருந்தா பார்மட் அடிக்கிறதுதாம்மா. பழைய பைல்தான, போனாப் போகுது" என்றார். மதுரையில் இரண்டு இடங்களில் கொடுத்துப் பார்த்தோம். அழித்த இடத்தின் மேலேயே புதிது எழுதியாகிவிட்டது, மீட்க முடியாது என்றார்கள்.

அப்போதுகூட வசந்தாக்காவுக்குக் கோபம் வரவில்லை. விதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்கள் கழித்து அடுத்த அப்டேட் வந்தது. கணினி மறுபடி ஆமையானது. இந்த முறை அவர் யாரிடமும் போகவில்லை. போனில் தேடித்தேடிப் படித்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, எந்தச் செயலி எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். வைரஸ் தடுப்பான்கள் இரண்டு ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கடைக்காரர் போட்டுவிட்டது. அதை நீக்கினார். கணினி எழும்போதே கூட எழுந்துகொள்ளும் வேண்டாத செயலிகளை நிறுத்தினார். அப்டேட்டுக்குப் பிறகு கணினி தன் கோப்புகளை எல்லாம் மறுபடி வரிசைப்படுத்தும், அது முடியும்வரை மந்தமாகத்தான் இருக்கும், அணைக்காமல் விட்டுவிடுங்கள் என்று எங்கோ போட்டிருந்தது. அப்படியே விட்டோம். சாப்பிட்டோம், பேசினோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தொட்டதும் திறந்தது.

நான் சந்தோஷப்பட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "அப்ப இம்புட்டுத்தானா மைமூனு? செத்த நேரம் சும்மா விட்டிருந்தா அவரு இருந்திருப்பாரே" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்குக் கோபம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். வழக்கறிஞர் வைக்கவில்லை. விசாரணையில் எதிர்த் தரப்பு, அந்தக் கணினியில் குரல் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டது. வசந்தாக்கா அதற்குப் பதில் சொல்லாமல் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அழிக்கிறதுக்கு முன்னாடி என்னையக் கேட்டீங்களா?" என்றார். அவர் தயங்கி, யாரையும் கேட்பதில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் செய்வது என்றார். வசந்தாக்கா மேடையில் இருந்த நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பி, "இப்பச் சொன்னத அப்படியே பதியச் சொல்லுங்கய்யா" என்றார்.

கடைக்காரர் சமரசத்துக்கு வந்தார். பணம் வேண்டாம் என்று வசந்தாக்கா சொல்லிவிட்டார். கடைச் சுவரில் ஒரு பலகை மாட்ட வேண்டும், வாசகம் தன்னுடையது என்றார். 'ஒரு பெண்மணியின் கணவர் குரலை அவரைக் கேட்காமல் அழித்தவன் நான். இனி யாருடையதையும் கேட்காமல் அழிக்க மாட்டேன்.' அவரே தட்டச்சு செய்து கொடுத்தார். பலகை ஏறியது. வாரந்தோறும் காய்கறி வாங்கிவிட்டு வரும் வழியில் கடை முன்னால் நின்று அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

சொந்தக்காரர்கள் மறந்துவிடச் சொன்னார்கள். "மறந்துருன்னு சொல்றவுங்களுக்கு எதுவும் தொலஞ்சிருக்காது" என்பார். கடைக்காரர் ஒருநாள் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம், சம்பந்தி வீட்டார் கடைக்கு வருவார்கள், சில நாட்களுக்கு மட்டும் பலகையைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கெஞ்சினார். வசந்தாக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். கழற்றக் கூடாது என்றும் சொன்னார். அவர் போன பிறகு நான் சண்டை போட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று கேட்டேன். "அந்தப் புள்ளைக்கு அவ அப்பன் கொரலு காதுல விழுதுல்ல. அது போதும்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வெறுப்பாகக்கூட இருந்தது. நிச்சயதார்த்தம் பலகையோடுதான் நடந்தது. கல்யாணமும் நடந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். சுவரில் பலகை இல்லை. அந்தச் சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. மன்னித்துவிடலாம் என்று அவரிடம் வாதாடிய நான், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே படியேறினேன்.

"அம்மாதான் போயிட்டாங்களேக்கா. இனி எதுக்கு?" என்றார் அவர். குரலில் திமிர் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அது என்னைக் கொஞ்சமும் இளக்கவில்லை.

"அவங்க போயிட்டாங்க. நீங்க அழிச்சது வந்துருச்சா?" என்றேன். "மாட்டுங்க. நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினார். கோணலாக இருந்தது. நேராக வைக்கச் சொன்னேன், வைத்தார்.

வசந்தாக்காவிடமிருந்து நான் பெற்றது பொறுமை என்றும் நேர்மை என்றும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் அடித்திருந்தால் அப்படி அடித்திருக்க மாட்டார். எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய கோபம். அதை யாருக்காகவும் நான் ஆறவிடுவதாக இல்லை.