மருமகனுக்காக ஊரறியக் கேட்கும் பொருத்தம்

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. வளர்த்த பிள்ளைகள் எட்டு. பெற்றது ஐந்து, மௌத்தாகிப்போன என் தங்கையின் பிள்ளைகள் மூன்று. எட்டில் ஏழு ஆண், ஒன்றே ஒன்று பெண். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் ஏழு பேரும் போனார்கள். மகளைக் கட்டி என் வீட்டுக்கு வந்தவர் மருமகன். நான் வளர்க்காத அந்தப் பிள்ளைதான் முப்பத்தொரு வருடம் என்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்தார்.

அவருடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓத வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் இந்த நினைவு மலர். நான் சொல்லச் சொல்ல எழுதுவது அவருடைய மூத்த மகள், என் பேத்தி. எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், கையெழுத்து வைக்கத் தெரியும். தமிழில் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும்.

மருமகனின் நல்ல குணங்களைச் சொல்ல அவருடைய கூட்டாளிமார் இருக்கிறார்கள், கூட வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலபேர் அவரைப் பற்றி ஒரு பகிடி சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அந்தப் பகிடியை உண்டாக்கியவள் நான். அது பொய். அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் காலத்தில் மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டாள், முகம் பார்த்துக் கதைக்கமாட்டாள். அது மரியாதை. அவர் முன்மண்டபத்தில் இருந்தால் நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். சொல்ல வேண்டியதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்வேன். "புள்ள, வாப்பாட்டக் கேளு, பாரக்குட்டி மீன் வாங்கவா, சூரை வாங்கவாண்டு." அவருக்கு அது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் பிள்ளை ஓடிப்போய்ச் சொல்லும்வரை காத்திருந்து, "உம்மம்மாக்கு எது விருப்பமோ அது எண்டு சொல்லு" என்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குச் சொல்வேன். "ஆடே, கேற்றப் பூட்டாமப் போறாங்க, உன்ன ஆராச்சும் கொண்டு போகட்டும்." மோட்டார் சைக்கிள் நிற்கும். கேற்றைப் பூட்டுகிற சத்தம் கேட்கும். அப்படியே காலம் போனது. அதில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

கல்முனையில் ஒரு கம்பனிக் கிளையில் லிகிதராகச் சேர்ந்தவர் அவர். சுபஹு தொழுதுவிட்டு மேசையில் இருந்து படித்துப் படித்து, சோதனைகள் பாஸ் பண்ணிக் கணக்காளராக வந்தார். பிறகு இந்தக் கரையோரத்துக் கிளைகள் எல்லாவற்றின் நிதிப் பொறுப்பும் அவர் கையில் வந்தது. எவ்வளவு வேலை இருந்தாலும் பொழுதுபடுகிற மஃரிபு நேரத்துக்கு வீட்டில் நிற்பார். வந்ததும் பின்வளவில் கிணற்றடி லைட்டைப் போடுவார். கரண்டு வீணாகப் போகுதே என்று அதற்கும் நான் ஆட்டுக்கு ஏசியிருக்கிறேன்.

இருபது வருடம் இருக்கும், என் மச்சியின் மகளுக்குக் கலியாணம். பெண்கள் எல்லோரும் பின்பக்கம் கிடுகு வேலிக்கு உள்ளே இருந்தோம். ஒருத்தி தன் மருமகன் கட்டாரில் இருந்து அனுப்பிய காப்பைக் காட்டிக் காட்டிக் கதைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னகா, உன்ட மருமகன் படிச்ச மனிசன், இன்னமும் இங்கதானா? கொழும்புக்காச்சும் ஏத்தல்லயா?" என்றாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அவருக்கு பஸ் ஸ்டாண்டத் தாண்டினாத் தலை சுத்தும்கா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வேலிக்கு வெளியே, ஆறுபேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சோற்றுச் சகனைத் தூக்கிக்கொண்டு மருமகன் நின்றதைப் பிறகுதான் கண்டேன். அவர் சகனை உள்ளே கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார்.

அந்தக் கதை ஊரில் நின்றுவிட்டது. பெருநாளைக்கு வருகிற மச்சான்மார் "என்ன, தலை சுத்துதா?" என்று கேட்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். என் மகள் மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்குப் பகிடி விளங்காது என்று நான் நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் மருமகனுக்கு இரண்டு கிட்னியும் பழுதாயின. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். நாலு மாதத்துக்கு முன் அவரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து அவருடைய கம்பனியின் முந்திய பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். முன்மண்டபத்தில் இருந்து கதைத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"அன்றைக்குத் தலைமைக் கந்தோருக்கு வந்திருந்தால் என் கதிரை உங்களுக்குத்தான் கிடைத்திருக்கும். மூன்று தரம் கடிதம் போட்டேனே" என்றார் அவர்.

மருமகன் சொன்னார்: "மாமி வரமாட்டன் எண்டுட்டா சேர். மாமாட கபுறு இங்க. அவவுக்குப் பொழுதுபட்டாக் கண் தெரியாது, ஒருத்தருக்கும் சொல்றல்ல. ஆண்புள்ளகள் எல்லாம் பெண்வீட்டில. நாங்களும் போனா ஆர் பாக்கிற?"

கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. கண் தெரியாததை நான் என் மகளுக்கே மறைத்து வைத்திருந்தேன். கொழும்புக்குப் போவோமா என்று மகள் ஒருநாள் கேட்டதும், அவளுடைய வாப்பா அடங்கிய மண்ணை விட்டு நான் வரமாட்டேன் என்றதும் ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னால் கடிதம் இருந்தது எனக்குத் தெரியாது. மகளைக் கேட்டேன். "உம்மாக்குத் தெரியக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிட்டார்" என்றாள். இருபது வருடம் நான் பகிடி பண்ணினேன். இவள் வாயைப் பூட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

அடுத்தநாள் காலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் படுத்திருந்த அறைத் திரையை விலக்கி நான் உள்ளே போனேன். மருமகன் பதறி எழும்பப் பார்த்தார்.

"படுங்க மகன். கலியாண வீட்டில நான் சொன்ன கதை உங்களுக்குக் கேட்டதா?"

"ஓம் மாமி."

"ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"ஆட்டுக்கிட்டச் சொன்ன நான். அது உங்களுக்குச் சொல்லல்லயா?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. "எனக்குப் பொருத்தம் தாங்க மகன்" என்றேன். மௌத்துக்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"அது எப்பயோ தந்தாச்சு மாமி. நீங்க எனக்குத் தாங்க. முப்பது வருசம் உங்கட கையால சாப்பிட்டவன்."

அதற்குப் பிறகு அவருக்குப் பதினொரு கிழமைதான் ஹயாத்து இருந்தது. தினமும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் பிறந்தது சவளக்கடை என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு மற்றதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. வாப்பாவுக்குச் சொந்த வயல் இல்லை, நாவிதன்வெளியில் குத்தகைக்குச் செய்தவர். இவர் காவல் பரணில் இருந்து குருவி துரத்திக்கொண்டே வாய்ப்பாடு பாடமாக்கினாராம். ஒரு வெள்ளத்தில் புத்தகப்பை போக, உம்மா தன் காதுப்பூவை விற்றுப் புதுப் புத்தகம் வாங்கினாவாம். அந்த உம்மாவை அவர் கடைசிவரை ஒரு வெள்ளிக்கிழமையும் போய்ப் பார்க்காமல் விட்டதில்லை. ஒரே வீட்டில் இருந்தும் இதையெல்லாம் நான் கேட்காமல் இருந்தேனே என்றுதான் இப்போது இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை அசருக்குப் பிறகு, மகளும் பேத்திகளும் பக்கத்தில் இருக்க, கலிமாவோடு அவருடைய மூச்சு அடங்கியது. அவருடைய கபுறை அல்லாஹ் விசாலமாக்கி, ஒளி நிறைந்ததாக ஆக்கி வைப்பானாக.

முறை வைத்து வேன் ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும், ஊசி குத்துகிறபோதெல்லாம் "சேர், நோகுதா?" என்று கேட்ட நேர்ஸ்மாரையும், கபுறு வெட்டியவர்களையும், மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரிய விடாமல் சோறு அனுப்பிய தெருவையும் நாங்கள் மறக்கமாட்டோம்.

"உம்மா, கலியாண வீட்டுக் கதையெல்லாம் மலரில போடுறதா, உங்களுக்குத்தான் மானக்கேடு" என்று மகள் சொன்னாள். பொருத்தம் நான் அறைக்குள் வாங்கினேன். பழியை ஊருக்குள் அல்லவா சொன்னேன்? அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்கு இதை வாசிக்க வேண்டும். என் மருமகன் போக முடியாமல் இருந்தவர் அல்ல. எனக்காகப் போகாமல் இருந்தவர்.

மகள் இப்போது உள்ளறையில், புருசன் மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இருக்கிற இத்தா இருக்கிறாள். புள்ள, எழுதினது போதும். முதல்ல இருந்து ஒருக்கா வாசி. கதவத் திறந்து வெச்சு, உன்ட உம்மாக்குக் கேக்கிற மாதிரிச் சத்தமா வாசி.