எம்.சி. தராத டிரெசர்

டாக்டர் இல்லாத தோட்டத்துக் கிளினிக்கில் டிரெசர் வேலை என்றால் மருந்து கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? எம்.சி. கொடுப்பதுதான் வேலை, மருந்து சும்மா கூடவே போகிறது. அந்த மருத்துவ விடுப்புச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டால் சம்பளத்தோடு லீவு. ரஹாங்கிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு சுவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குப் போய், பதினெட்டு வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் நல்லவன்.

போன வருஷம் சபையில் சீஷத்துவ வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரம். கடைசி நாள் ஒவ்வொருவராக எழுந்து, இனிமேல் எதை விடப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிகரெட், கோபம், கைப்பேசி என்று பத்திரமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். நான் சும்மா இருக்க மாட்டாமல், இனிமேல் பொய் எம்.சி. எழுத மாட்டேன் என்று சபை முன்னால் சொல்லித் தொலைத்தேன். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

திங்கட்கிழமை வயிறு

முதல் திங்கட்கிழமையே சோதனை. கிளினிக் வாசலில் ஏழு பேர். முன்னால் நின்றவர் முருகையா, பழம் வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தம்பின் ஊரில் சொந்தக்காரர் கல்யாணம், இன்றைக்கு வயிற்றுவலியாம். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். எங்கே அமுக்கினாலும் வலிக்கிறது என்றார், முழங்காலில் கை வைத்தபோதுகூட. கையில் பாதி தின்ற ரொட்டி சானாய் வேறு.

மாத்திரை தருகிறேன், எம்.சி. தர முடியாது என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சிரித்தபடி நின்றார். ஏனென்று கேட்டார், சபையில் கொடுத்த வாக்கைச் சொன்னேன். மனுஷன் உண்மையாகவே வருத்தப்பட்டார், எனக்காக.

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க, டிரெசர்? யாரு கண்ணு பட்டுச்சோ."

கையெழுத்து மட்டும்தான் பாக்கி

சபைக்கு வெளியே இருக்கிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தேவதாஸ் என் சபைக்காரர், அதே வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி. நான் வாக்குக் கொடுத்தபோது எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர். அவர் வந்து கதவைச் சாத்திவிட்டு மூன்று நாள் எம்.சி. கேட்டார். என்ன உடம்புக்கு என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, போர்ட்டிக்சனில் ஜெப முகாம் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டினேன், அதில் இருந்த கட்டுத்துணி உருண்டை உருண்டு ஓடியது. வருஷ லீவு எடுங்களேன் என்றேன். அது டிசம்பருக்கு வேண்டுமாம், குடும்பத்தோடு கேமரன்மலை போகிறார்களாம். நான் மறுபடியும் மறுத்ததும் என் தோளில் கை போட்டார்.

"ஆண்டவர் ஏற்கெனவே ஓகே சொல்லிட்டாரு, பிரதர். நீங்க கையெழுத்துப் போடறதுதான் பாக்கி."

கேட்காதவனுக்கு ஐந்து நாள்

அகுஸ் கடல் தாண்டி லொம்போக் தீவிலிருந்து வந்து வேலை செய்கிறவன். காலில் செம்பனை முள் ஏறி, பாதம் பப்பாளிப்பழம் போல வீங்கியும் யாரிடமும் சொல்லாமல் நொண்டிக்கொண்டே வெட்டியிருக்கிறான். லீவு போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். முள்ளை எடுத்து, ஊசி போட்டு, ஐந்து நாள் எழுதிக் கொடுத்தேன்.

அரைமணி நேரத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மோட்டாரில் வந்து குதித்தார். ஆள் பற்றாத நேரத்தில் இதென்ன அநியாயம், ஒரு நாளாக மாற்றி எழுது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு நாள் என்று எழுதினால் அதுவும் பொய் எம்.சி.தானே? மாட்டேன் என்றேன்.

"கேட்கிறவனுக்குக் குடுக்க மாட்டேங்கிறீங்க, கேட்காதவனுக்கு அஞ்சு நாள் குடுக்கிறீங்க. உங்க சாமிக்கு எங்க தோட்டத்து மேல என்ன கோவம் லா?"

சரசு அக்கா

இந்த அகுஸ் கதையை அந்த ஞாயிறே சபையில் சாட்சியாகச் சொன்னேன். கை தட்டினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. வரிசையில் சரசு அக்கா, உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பதினெட்டு வருஷத்தில் அவருக்கு எழுதிய அளவுக்கு எம்.சி. நான் வேறு யாருக்கும் எழுதியதில்லை. அவர் தலைவலி திங்கட்கிழமை வரும், செவ்வாய்க்கிழமை போகும். அன்றைக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கிறது என்றார். நான் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தெர்மாமீட்டர் மேசையில் கை எட்டும் தூரத்தில் இருந்தது. "ஒன்னுமில்லைக்கா, வேலைக்குப் போங்க" என்று இரண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். வழக்கமாக மல்லுக்கு நிற்கிறவர், அன்றைக்குச் சரி என்று போய்விட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை வேலை செய்த செம்பனைக் காட்டிலேயே மயங்கி விழுந்தார். கொசு கொண்டுவரும் டிங்கிக் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார், அதில் இரண்டு நாள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு ஜெபம்கூட வரவில்லை. கண்ணை மூடினால் தெர்மாமீட்டர்தான் தெரிந்தது.

தேறிவிட்டார் என்றதும் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் நின்று, நான் சோதித்துப் பார்க்காதது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, ஒரு பழத்தை உரித்து எனக்கே பாதி கொடுத்தார்.

"வீட்டுல படுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, டிரெசர். பொய் எழுதாத மனுஷன் ஒன்னுமில்லைன்னு சொன்னா ஒன்னும் இருக்காதுன்னு, நான்தான் வேலைக்குப் போனேன்."

பன்னிரண்டு வார வகுப்பில் தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைதான், ஆனால் அதையுமா ஐயா சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுக்க வேண்டும்?