ஆறு ஸ்க்ரூ, ஏழு துளை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது. திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு படிவம். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கும் படிவம். தலையணை மேல் கிடந்தது. கையெழுத்து போட வேண்டிய இடம் காலி. மேலே மூடி கழற்றாத பேனா.

தலையணைக்குச் சொந்தக்காரர் சாலமோன். என் தங்கை எஸ்தரின் கணவர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் எலக்ட்ரீஷியன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"நீயே கேளுண்ணா" என்றாள் தங்கை. "ஊரே கையெழுத்து போட்டுட்டு உள்ள போவுது. இவரு மட்டும் சட்டம் பேசிக்கினு கீறாரு. உள்ள சீழ் வெச்சிக்கினு கீது... இவருக்கு மிஷின் வோணுமாம்!"

விஷயம் இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் மச்சான் ஏணியிலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு உடைந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் எலும்பில் துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, உலோகப் பிளேட் வைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் சீழ். பிளேட்டை எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் எலும்புக்குள் இறங்கிவிடும் என்கிறார்கள்.

எடுக்கட்டும் என்கிறார் மச்சான். ஆனால் மயக்கத்தில் இருக்கும்போது மூளை தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று காட்டும் மானிட்டர் ஒன்று உண்டாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நெற்றியில் ஒட்டினால்தான் உள்ளே வருவாராம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? போன தடவை அவர் தூங்கவில்லை.

வீடு திரும்பிய முதல் வாரமே என்னிடம் சொன்னார். "எல்லாம் கேட்டுச்சு மச்சான். கண்ணு தொறக்க முடியல, வெரலு அசைக்க முடியல. காதாண்ட ட்ரில்லு ஓடுது. வலின்னா வலி... கத்துறேன், சத்தமே வரல. இன்னா பண்றது? எண்ணிக்கினு இருந்தேன். ஏழு வாட்டி ஓடிச்சு."

நான் என்ன செய்தேன்? எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ ஆறு. "ஆறுதானே இருக்கு மச்சான்? மருந்து வேகத்துல கனவு கண்டிருப்பீங்க" என்றேன். இருபத்தாறு வருடம் பத்திரிகை வேலை பார்த்தவன். ஓர் எண் இடித்தால், ஏன் இடிக்கிறது என்று விசாரிப்பதுதான் என் பிழைப்பு. விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆலையில் ட்ரில் பிடிக்கிற வேலையை மட்டும் வேறு ஆளுக்கு மாற்றிக்கொண்டார் என்று தங்கை ஒருநாள் சொன்னாள். அதையும் நான் விசாரிக்கவில்லை.

ஏழரைக்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். "ஹார்ட் பீட், பிபி எல்லாம் பாத்துக்கிட்டேதான் இருப்போம் சார். வலி தெரிஞ்சா அது ஏறும்" என்றார்.

"அது மோட்டார் சூட்டைத் தொட்டுப் பாக்குற மாதிரி மேடம். ஒயர்ல கரெண்ட்டு கீதான்னு அது சொல்லாது. மெயினை ஆஃப் பண்ணாலும் டெஸ்டர் வெச்சுப் பாக்காம நான் கை வெக்க மாட்டேன். நீங்க என்னை ஆஃப் பண்ணிட்டு நேரா கத்தி வெப்பீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. போன தடவை என்ன ஆயிற்று என்று கேட்டார். மச்சான் சொன்னார். ஏழு வாட்டி என்றார்.

"எக்ஸ்ரேல ஆறுதான் டாக்டர்" — மறுபடியும் நானே!

அவர் பழைய ஃபைலை வாங்கினார். நான் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்ட டிஸ்சார்ஜ் சம்மரி. அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்து என்னிடம் நீட்டினார். ஒரு ஸ்க்ரூ சரியாகப் பிடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் துளை போட்டோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ஆறு ஸ்க்ரூ. ஏழு துளை.

மச்சானுக்கு வாசித்துச் சொன்னேன். "எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சுக்கினியா?" என்றார். அதுவரை என்னிடம் பேசும்போது இருந்த மரியாதை 'ங்க' போயிருந்தது. போகட்டும். வலித்தது என்று ஆள் சொன்னபோது கனவு என்றவன், காகிதம் சொன்னதும் நம்பினேனே!

தூங்க ஒரு மருந்து, வலி தெரியாமலிருக்க ஒரு மருந்து, உடம்பு அசையாமலிருக்க ஒரு மருந்து என்று விளக்கினார் டாக்டர். முதல் இரண்டும் குறைந்து, மூன்றாவது மட்டும் வேலை செய்தால்? பார்ப்பவர்களுக்கு ஆள் நிம்மதியாகத் தூங்குவது போலத்தான் இருக்கும். அபூர்வமாக நடப்பது என்றார். அது யாருக்கு நடந்ததோ அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மானிட்டர் இருக்கு சார். ஒண்ணுதான் இருக்கு. பதினோரு மணி வரைக்கும் வேற தியேட்டர்ல ஓடுது."

"காத்துக்கினு இருக்கேன்."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். மூளை எவ்வளவு ஆழமா தூங்குதுன்னு அது நம்பர் காட்டும். வலியை நேரா காட்டாது. கத்தி படும்போது நம்பர் ஏறுச்சுன்னா மருந்தைக் கூட்டுவேன். நூத்துக்கு நூறு கேரண்டி தர முடியாது."

மச்சான் பேனாவை எடுத்தார். "நூத்துக்கு நூறுன்னு சொல்லியிருந்தா எயிந்து ஊட்டுக்குப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து போட்டார்.

படிவம் நீட்டப்படும்போது கேள்வி கேட்பதை வம்பு என்பார்கள். நம் வீட்டு ஆட்களே சொல்வார்கள். வரிசையில் நிற்கிற எல்லோரும் பேசாமல் போகிறார்களே என்பார்கள். கேளுங்கள். இரண்டு தடவை கேளுங்கள். உள்ளே போகிற உடம்பு அவர்களுடையதா, உங்களுடையதா?

பதினொன்று இருபதுக்கு மச்சானை அழைத்துப் போனார்கள். நெற்றியில் மானிட்டர் பட்டை ஒட்டியதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்த பிறகுதான் நான் டீ குடிக்கப் போனேன்.

பிற்பகல் இரண்டு ஐந்துக்கு நன்றாகக் கண் திறந்தார். தங்கை குனிந்தாள். அவருக்கு நாக்கு குழறியது. கோபம் குழறவில்லை.

"மச்சான்... எங்க அந்த மிஷினு? மிஷின் வராம உள்ள வர மாட்டேன்னு சொன்னேனா இல்லியா?"

ஆபரேஷன் முடிந்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.