குளத்துச் சேற்றில் கிடந்த மரப்பாவை

தென்மராட்சியில் என் பெரியப்பாவின் காணிக்குள் தூர்ந்துபோன குளம் ஒன்று இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பழம்பொருள் தேடி அதைத் தோண்டக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். ஆங்கிலம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த என்னை மொழிபெயர்ப்பதற்கு வைத்துக்கொண்டார்.

பெரியப்பாவும் என் தகப்பனான ஐயாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரு வேலிச் சண்டையில் பெரியப்பா கத்தியால் ஐயாவின் கையை வெட்டிவிட்டார். ஐயாவின் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை.

என்னைக் கண்டதும் பெரியப்பா கத்தினார். "உவன் ஏன் என்ரை காணிக்குள்ளை? வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். "உங்களை வரவேற்கிறார்" என்றேன்.

ஐந்தாம் நாள் கரிய சேற்றுக்குள்ளிருந்து ஒரு மரப்பாவை வந்தது. ஒரு முழ நீளம். கையில் விளக்கேந்திய பெண். மூக்கும் உதட்டோரச் சிரிப்பும் நேற்றுச் செதுக்கியதுபோல இருந்தன. பல நூறு வருஷப் பழசு என்றார் துரை. ஈரச் சேற்றுக்குள் கிடந்ததால்தான் உக்காமல் தப்பியதாம்.

"அம்மன் என்ரை காணியிலை வந்தவ. ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்" என்று பெரியப்பா அதைத் தூக்கிக்கொண்டார்.

பாவையை எடுத்துப்போக அரசாங்கக் கச்சேரியில் உத்தரவு வாங்கிவரத் துரை என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மரம் காய்ந்தால் பிளந்துவிடும், தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கச் சொல் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

"துரை என்னவாம்?" என்றார் பெரியப்பா.

"கவனமாய் வைச்சிருக்கட்டாம்."

மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். முற்றத்து வெயிலில், பலகைமேல், சந்தனமும் செவ்வரத்தம்பூவுமாகப் பாவை நின்றது. நெற்றியிலிருந்து வயிறுவரை பிளந்திருந்தது. பெரியம்மா அதன் காலடியில் இருந்து அழுதுகொண்டிருந்தார்.

துரை தலையில் கைவைத்தார். கிணற்றடி வாளியைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணி! தண்ணி!"

பெரியப்பா வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணியிலை வைக்கச் சொன்னவரோ?"

நான் துரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கொப்பருக்கு நான் செய்ததுக்கு என்னை வெட்டியிருக்கலாம். அம்மனை ஏனடா?"

என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். இந்த முறை, தண்ணீரைப் பற்றிக் கேட்டதையும் சேர்த்து, ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அந்த இடத்திலேயே துரை என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். பிளந்த பாவையைச் சாக்கில் சுற்றிக் காரில் ஏற்றியபோது பெரியப்பா தடுக்கவில்லை.

மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்து ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லாய் வேணும் அவனுக்கு. என்ரை பிள்ளையெண்டு காட்டிப்போட்டாய்."

அவர்மேல் எனக்கு முதன்முதலாக வெறுப்பு வந்தது அப்போதுதான். சோற்றை அப்படியே விட்டு எழும்பினேன். ஏன் சாப்பிடவில்லை என்றுகூட அவர் கேட்கவில்லை.