சங்குக்காரரின் ஏழாம் எண் படகு

பலகையில் தொங்கும் டோக்கன்களைச் சங்குக்காரர் கண்ணால் ஒருமுறை எண்ணுகிறார். பிறகு விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு முறை. பன்னிரண்டு ஆணிகள், பன்னிரண்டு மிதிபடகுகள். படகு நீர்த்தேக்கத்துக்குள் போனால் டோக்கன் பயணியின் கையில், திரும்பினால் ஆணியில். பலகை நிறையாமல் படகுத்துறையின் கேட்டைப் பூட்டமாட்டார். "கண்ணு ஏமாத்திடும். விரல் ஏமாத்தாது" என்பார்.

அணை கட்டிய நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பாறைக்கு வெடி வைக்கும் முன் எச்சரிக்கைச் சங்கு ஊதுவது அப்போது அவர் வேலை. உள்ளே போன அத்தனை பேர் டோக்கனும் பலகைக்குத் திரும்பினால்தான் ஊதுவார். ஒருநாள் ஒன்று குறைந்ததற்காகப் பெரிய பொறியாளரையே முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார். கடைசியில் டோக்கன் பொறியாளரின் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்றிலிருந்து அவர் சங்குக்காரர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

அணை முடிந்ததும் ஆட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். இருநூறு வீடுகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பில் இப்போது விளக்கு எரிவது ஒரே வீட்டில், அது அவருடையது. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒற்றை ஆளுக்குச் சமைத்து அலுத்துப்போய் கேன்டீனில் சாப்பிடுகிறார். அங்கேயும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். எதிரே காலி நாற்காலி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

மிதிபடகில் ஒருவர் மட்டும் ஏறினால் அது ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வட்டமடிக்கும். அதனால் தனியாக வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மணல் மூட்டையை ஏற்றி அனுப்புவார். "கூட ஒரு ஆள் இருக்குன்னு நெனச்சுக்குங்க. பேசாது, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் ஏழாம் எண் படகு யாருக்கும் கிடையாது. அது மகனுக்கு. நீர்த்தேக்கம் முதன்முதலில் நிரம்பிய அன்று, தோளில் உட்கார்ந்திருந்த நாலு வயது மகன், "இதுல போலாம்பா" என்றான். அப்போது படகு ஏது? "வரட்டும். நாம ரெண்டு பேரும்தான் மொதல்ல" என்று வாக்குக் கொடுத்தார். படகு வந்தபோது மகன் படிக்கப் போயிருந்தான். பிறகு வேலை, கல்யாணம். எப்போது கேட்டாலும் அடுத்த ஞாயிறு.

"உங்க மகன் வர்றதுக்குள்ள படகுக்கு வயசாயிடும்ணே" என்பாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

"எனக்கே ஆயிடுச்சு. படகு தாங்கும்."

மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை விமானம். முந்தின நாள், போன ஞாயிறு, கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தான். சங்குக்காரர் காலையிலேயே சவரம் செய்துகொண்டார். ஏழாம் படகைக் கழுவித் துடைத்து, இருக்கைக்கு ஒன்றாக இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துவைத்தார். நாலரைக்கு ஃபோன் வந்தது.

"அப்பா, இன்னும் பெட்டியே கட்டி முடியல. அவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்ப நேரம் பத்தாதுப்பா. அடுத்த தடவ கண்டிப்பா."

"சரிப்பா. பாஸ்போர்ட்டக் கைப்பையிலயே வச்சுக்க."

"கோவமாப்பா?"

"இதுல என்னப்பா கோவம். தண்ணி எங்க போயிடப்போகுது."

ஃபோனை வைத்தார். ஐந்தாம் எண் படகு கரை தட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. டிக்கெட் பெண்தான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். அன்று அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

ஐந்தரைக்குப் பலகை நிறைந்தது. கண்ணால் எண்ணினார், விரலால் எண்ணினார். பிறகு ஏழாம் எண் டோக்கனை ஆணியிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். டோக்கன் ஆணிக்கு வந்தப்புறம் கேட்டப் பூட்டலாம்" என்றார் அவளிடம்.

மணல் மூட்டையைத் தூக்கிவந்து பக்கத்து இருக்கையில் வைத்தார். தன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். மகனுக்கு எடுத்துவைத்த ஜாக்கெட் கையிலேயே இருந்தது. அதை மூட்டைக்குச் சுற்றிப் போட்டு, பட்டையை மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.